தென்காசியில் நின்ற கார்

நம் செட்டு ஆட்களுக்கு ஒரு கேள்வி. தென்காசியில் வண்டிகள் நகராமல் நின்றால் உங்களுக்கெல்லாம் ஏன் இத்தனை சந்தோஷம்? நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால், தேரோட்டத்தைப் படம் எடுத்துப் போடுவதுபோல டிராபிக் ஜாமைப் படம் எடுத்துப் போடுகிறீர்கள். "பாருங்க, நம்ம ஊரு எப்படி வளந்துட்டு" என்று ஒருத்தி எழுதுகிறாள். "ஜில்லா தலைநகர்னா சும்மாவா" என்று துபாயில் இருப்பவர் பதில் போடுகிறார். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் வாசலுக்கு நடந்தால் உடனே போய்விடலாம், காரில் போனால் ஒரு தூக்கம் போட்டு எழலாம். இதில் பெருமை என்ன வேண்டிக் கிடக்கிறது என்று வெளியூரில் கட்டிக்கொடுத்த நம் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

அதுகளுக்கு எப்படித் தெரியும்? நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நம் ஊரில் ஒரு கார்கூட நிற்காது. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் கார் காராக வரும். மேலே ஜமுக்காளத்தைக் கட்டி, உள்ளே பிள்ளைகளைத் திணித்து, ஆரன் அடித்துக்கொண்டு வரும். எல்லாம் குற்றாலத்துக்கு. நம் ஊர் அவர்களுக்கு ரோட்டில் ஒரு வளைவு, அவ்வளவுதான். அப்போது ராஜகோபுரமும் கிடையாது, பிளந்துபோன மொட்டைக் கோபுரம்தான். காருக்குள் இருக்கிற பிள்ளைகள் அதைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போகும். சாயங்காலம் அதே கார்கள் திரும்பும். ஜன்னலில் ஈரத்துண்டு பறக்கும். நல்லெண்ணெயும் சோப்பும் கலந்த ஒரு வாசனை ரோடு முழுக்க அடிக்கும். மங்குஸ்தான் தோலை நம் வாசலில் வீசிவிட்டுப் போவார்கள். தின்றது அங்கே, தோலைப் போட்டது இங்கே. எனக்கு வயிறு எரியும்.

என்னைவிட அதிகமாக எரிந்தவர் ஒருவர் உண்டு. அது எங்கள் அப்பா.

அப்பா குற்றாலம் ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. வாசலில் ஒரு விசிப்பலகை கிடக்கும். பஸ் டிரைவர்களும் கோர்ட்டுக்கு வந்தவர்களும் அதில் உட்கார்ந்து இலைக்குக் காத்திருப்பார்கள். அந்தப் பலகை கடைசியில் யார் வீட்டு அடுப்புக்குப் போனதோ தெரியவில்லை. அப்பாவுக்கு அந்த வாடிக்கையாளர்கள் போதவில்லை. கார்க்காரர்கள் வந்து உட்கார வேண்டும். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, போகிற ஒவ்வொரு காரையும் தனக்குச் சேர வேண்டிய பொருளை யாரோ தூக்கிக்கொண்டு போகிற மாதிரி பார்ப்பார்.

காரணம் இருந்தது. எங்கள் தாத்தா, குற்றாலத்து வீட்டைத் தன் மகளுக்கு, அதாவது என் அத்தைக்கு, கல்யாணச் சீராகக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்குத் தென்காசி ரோட்டு வீடு. "அருவிய அவளுக்கும் ரோட்ட எனக்கும் எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு" என்று அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார். அம்மா ரசத்தை ஊற்றுவாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சீசன் நேரத்தில் அத்தை குற்றாலத்தில் இருக்கவே மாட்டாள். அங்கே வீடு வைத்திருந்தவர்கள் பலருக்கும் அப்போது அதுதான் வழக்கம். சீசன் தொடங்கியதும் வீட்டை முழுசாக வெளியூர்க்காரர்களுக்கு விட்டுவிட்டு, சட்டி பானையை ஒரு அறையில் பூட்டிவைத்து, சொந்தக்காரர் வீடுகளில் ஒதுங்கிக்கொள்வார்கள். ஊர் உலகமெல்லாம் குளிக்க வரும்போது குற்றாலத்துக்காரர்கள் குற்றாலத்தில் இருக்க முடியாது. அவள் புருஷன், எங்கள் மாமா, தவறிய பிறகு அத்தைக்கு அந்த வாடகைதான் வருஷச் சோறு. ஆகவே ஆனி பிறந்ததும் அத்தையும் அவள் மகனும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

அந்த அத்தான் அப்போது மீசை கறுக்க ஆரம்பித்திருந்த பையன். காலையில் சைக்கிளில் குற்றாலம் போய், வாடகைக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர், விறகு எல்லாம் பார்த்துக் கொடுத்துவிட்டு, அருவியில் ஒரு குளியல் போட்டு மத்தியானம் திரும்புவார். வரும்போது துண்டு முனையில் மங்குஸ்தான் முடிந்து கொண்டுவருவார். எனக்குக் கையில் கொடுப்பார். அக்காவுக்கு அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். என் பங்கைவிட ஜன்னல் பங்கு எப்போதும் பெரிது. அக்கா அதை ஒளிந்து தின்று, பச்சைத் தாவணியில் தோல்சாறு பட்டுக் கறையாகி, அம்மாவிடம் ஏச்சு வாங்குவாள். எதைப் போட்டுத் துவைத்தாலும் அந்தக் கறை போகாது.

அக்காவுக்கு அத்தான் என்பது தொட்டிலிலேயே பேசி முடித்த விஷயம். யாரும் அதைத் தனியாகப் பேசுவதுகூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கல்யாணம் முடிந்ததும் அக்கா குற்றாலத்துக்காரி ஆகிவிடுவாள். நினைத்தபோது அருவியில் நிற்பாள். நான் மட்டும் இந்த ரோட்டோரத்தில் உட்கார்ந்து அடுத்தவன் வீசிய தோலைப் பெருக்கித் தள்ள வேண்டும். எத்தனையோ நாள் அவள் தூங்கும்போது அந்த முகத்தைப் பார்த்து, இவளுக்கு மட்டும் ஏன் எல்லாம் என்று பொருமியிருக்கிறேன்.

அந்த வருஷம்தான் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார்.

கார்கள் நிற்காது என்றேன் இல்லையா? ஆனால் மெதுவாகும். ஜன்னல் இறங்கும். உள்ளிருந்து எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: அருவியில் தண்ணீர் விழுகிறதா? அத்தனை தூரம் வந்துவிட்டு, வெறும் பாறையைப் பார்த்துத் திரும்ப யாருக்கு மனசு வரும்? தென்காசிக்காரன் மலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்து, விழுது என்றோ இல்லை என்றோ சொல்வான். அவன் சொன்னால் அதுதான் தீர்ப்பு. போன் இல்லாத காலம்.

"ராத்திரி வரைக்கும் விழுந்துது. இப்பம் வடிஞ்சிருக்கு" என்று அப்பா சொல்ல ஆரம்பித்தார். "மத்தியானத்துக்கு மேல நல்லா விழும். அதுவரைக்கும் அங்கன போயி பாறையவா பாத்துட்டு நிக்கப் போறிய? இங்கன உக்காருங்க, இலை போடுதேன்."

காலை நேரத்தில் மட்டும்தான் சொல்வார். சாயங்காலம் சொன்னால், ஈரத்துண்டோடு எதிரே திரும்பும் கார்கள் காட்டிக்கொடுத்துவிடுமே. வந்தவர்கள் நம்பினார்கள். இறங்கி, சாப்பிட்டு, காலை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். "நின்னுச்சா இல்லியா? இன்னும் பாரு, ஒரு நாள் எல்லாக் காரும் நம்ம ஊர்லதான் நிக்கும்" என்றார். அதைச் சொன்னபோது சிரித்தோம். இப்போது வந்து பார்த்திருந்தால் அவருக்கு ஆனந்தக் கண்ணீரே வந்திருக்கும்.

பின்கட்டில் இருந்த அத்தைக்கு இது தெரியாது. வியாபார நேரத்தில் அவள் கடைப்பக்கம் வரமாட்டாள்.

மதுரைக்காரர்கள் வந்த நாள் நல்ல வெயில். மலையில் மட்டும் மேகம் தொங்கியது. கறுப்பு அம்பாசடர், புதுசாகத் துடைத்தது. ஒரு பெரியவர், அவர் மனைவி, படித்துவிட்டு வேலைக்குப் போகும் ஒரு மகன். "அண்ணே, அருவில தண்ணி விழுகுதா?" என்று பெரியவர் கேட்டார். அப்பா வழக்கமான பதிலைச் சொன்னார். இறங்கிவிட்டார்கள்.

அன்றைக்குப் பரிமாறுகிற ஆள் வரவில்லை. அக்காதான் இலை போட்டாள். அந்த அம்மா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். தலையிலிருந்து மல்லிகையில் பாதியைக் கிள்ளி அக்காவிடம் நீட்டினாள். பக்கத்தில்தான் நான் தண்ணீர்ச் செம்போடு நிற்கிறேன். எனக்கு ஒரு கண்ணிப் பூகூட இல்லை.

"மதுரையப் பாத்திருக்கியாம்மா?" என்று அவள் கேட்டாள். "இல்ல" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த கை சோறு வைத்தாள்.

அப்போதுதான் அத்தான் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தலை சொட்டச் சொட்ட ஈரம். கழுத்தில் ஈரத்துண்டு. உடம்பெல்லாம் அருவித் தண்ணீர் அறைந்த சிவப்பு. வீட்டுக்குள் போக வேறு வழி கிடையாது, கடை வழியாகத்தான் போக வேண்டும். மதுரைப் பெரியவர் ஆசையாக நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, குற்றாலத்துல இருந்தா வர்றீங்க? தண்ணி விழுகுதா?"

அப்பா கல்லாவில் எழுந்து நின்றுவிட்டார். அத்தான் அப்பாவைப் பார்த்தார். பிறகு இலைகளைப் பார்த்தார். விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. அக்கா கையில் சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"இல்லங்க" என்றார் அத்தான். "வழியில கெணத்துல குளிச்சேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா மூச்சு விட்டார். மதுரைக்காரர்கள் இன்னும் ஒரு கரண்டி பாயசம் கேட்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல் அவர்கள் குற்றாலம் போனார்கள். இருட்டுவதற்கு முன்பே அதே கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. பெரியவர் ஈரத்தலையோடு இறங்கி அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே மத்தியானத்துக்கு மேல என்னமா விழுகுது! மலையப் பாத்தே சொல்லிட்டீங்களே. உங்கள மாதிரி ஒரு நேர்மையான மனுஷன் வீட்டுல சம்பந்தம் வச்சுக்கிடணும்னு எங்க வீட்டுல ஆசைப்படுறாங்க."

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். நானும் இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை இதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அப்பா அந்த இடத்திலேயே சரி என்றார். அம்மாவை உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்கட்டில் இருக்கும் தங்கச்சியின் நினைப்பே அவருக்கு வரவில்லை. அல்லது அந்த நினைப்பு வந்ததால்தான் அவ்வளவு அவசரமாகச் சரி சொன்னாரோ என்னவோ. காரோடு ஒரு மாப்பிள்ளை, தானாக வந்து வாசலில் நின்று கேட்கிறான். அருவி வைத்திருக்கிறவளுக்கு இது கிடைக்குமா?

வாசலில் பேசியது பின்கட்டு வரை கேட்டிருக்க வேண்டும், கார் போனதும் அத்தை வந்தாள். அன்றைக்குத்தான் அவள் கல்லா முன்னால் வந்து நின்றாள்.

"ஏண்ணே, தண்ணி விழலன்னு சொல்லியா எம்மவளுக்கு மாப்பிள்ள புடிச்சிய?"

அக்காவை அவள் எப்போதும் எம்மவள் என்றுதான் சொல்வாள்.

"ஏட்டி, அவுக மதுரக்காரவுக. கார் வச்சிருக்காவ. உம்மவன்கிட்ட என்ன இருக்கு? ஒரு ஓட்டச் சைக்கிள்" என்றார் அப்பா.

"அப்பா அந்த வீட்ட எனக்குத் தந்த நாள்ல இருந்து எரியுதிய. வீடு வேணும்னா எடுத்துக்கிடுங்க. பேசின பொண்ணத் தாங்க."

அப்பா கல்லாவைப் பூட்டப் போனார். வீடு என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் கை ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். அப்புறம் பூட்டிவிட்டார்.

பின்னால் கிணற்றடியில் அக்காவும் அத்தானும் நின்றிருந்தார்கள். வாளி எடுக்கப் போனவள் நான், துவைகல் பக்கம் ஒதுங்கினேன்.

"நீங்க ஏன் விழுதுன்னு சொல்லல?" என்று அக்கா கேட்டாள்.

"மாமா நிக்காவ. அவுக முன்னால எப்படிச் சொல்ல? மாமாவப் பொய்யாக்கச் சொல்லுதியா?"

"சொல்லிருந்தா அவுக அப்பவே எந்திச்சுப் போயிருப்பாவ."

அத்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நம் பக்கத்துப் பிள்ளைகள் அப்படி வளர்ந்தவர்கள்தானே. தாய்மாமன் எதிரில் உட்காரவே கூசுகிற பையன், அவர் பேச்சை எப்படி மறுப்பான்? வேறு ஊர்க்காரனாக இருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான், தண்ணீர் கொட்டுது சார் போங்க என்று. கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்த நாள் காலை அத்தை மூட்டையைக் கட்டினாள். அம்மா அழுது பார்த்தாள், நிற்கவில்லை. எங்கே போவாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் வீட்டில்தான் சிவகாசிக்காரர்கள் குடியிருக்கிறார்களே. பிறகு ஒரு நாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அத்தையின் வீட்டு முன்வாசலில் யாரோ ஒரு குடும்பம் சீட்டாடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரியான அத்தை பின்னால் விறகு அடுக்குகிற சாய்ப்பில் மூன்று கல்லைக் கூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். ஓலை வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. விறகெல்லாம் ஈரம், ஒரே புகை. தன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்க, குடியிருப்பவர்கள் இறைத்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அம்மா கொண்டுபோன பலகாரத்தை வாங்கி விறகு மேல் வைத்தாளே தவிர பிரித்துப் பார்க்கவில்லை.

அத்தான் விறகுக் கட்டோடு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எனக்கும் மலர்ந்தது. அவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"அக்கா வரலியா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் விறகை இறக்கப் போய்விட்டார். இவ்வளவு தூரம் நடந்து வந்தவள் நான். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு அத்தை மேலும் இரக்கம் இல்லை, அக்கா மேலும் இரக்கம் இல்லை. வீட்டில் அழுது வீங்கிய முகத்தோடு கிடக்கிறவள் மேல் பொறாமைதான் வந்தது.

ஆவணியில் கல்யாணம். அத்தை வரவில்லை. அக்கா கறுப்பு அம்பாசடரில் ஏறிப் போனாள். நம் ஊருக்கென்றே வந்து நின்ற முதல் பெரிய கார் அவளைத்தான் தூக்கிக்கொண்டு போனது. ரோட்டில் நின்று கையாட்டிய நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்டோம். அதற்கும் சேர்த்துத்தான் நான் பொருமினேன். அருவி போனதும் அவளுக்கு மதுரையே கிடைத்துவிட்டதே.

இனி உங்களுக்குத் தெரிந்த கதை. வருஷங்கள் போய், அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, தங்கச்சி முகத்தைப் பார்க்காமல் போய்விடுவோமோ என்று பயந்து, ஒரு நாள் குற்றாலத்துக்குப் போனார். "பெரியவளத்தான் தரல. சின்னவளயாவது தாங்க" என்றாளாம் அத்தை. அதுவரை அத்தான் எந்தப் பெண்ணுக்கும் சரி சொல்லவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று அத்தை ஊருக்குச் சொல்லி வைத்திருந்தாள். எனக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தார் என்று கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன். நினைத்துப் பார்த்தால், வசதியாகப் பொய் சொல்லிக்கொள்வதில் எங்கள் அப்பாவின் மகள்தான் நான்.

குறை சொல்லக் கூடாது. நல்ல மனுஷர். என் மேல் ஒரு நாள்கூடக் கை ஓங்கியது இல்லை, கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அருவியும் கிடைத்தது. முதல் வருஷம் தினமும் குளித்தேன், பிறகு அதுவும் பழகிவிட்டது. குற்றாலத்தில் இருந்துகொண்டு இப்போது தென்காசி வளர்வதைப் பார்த்துப் பொருமுகிறேன். கலெக்டர் ஆபீஸ் அங்கே, நகைக்கடை அங்கே, ஒரு நல்ல டாக்டரைப் பார்க்க அங்கேதான் போக வேண்டியிருக்கிறது. ஆனால் தென்காசிக்குப் போவதென்றாலே எங்கள் வீட்டுக்காரருக்கு ஆகாது. ஜாமில் வண்டி நின்றால் போதும், "சவத்து ஊரு, மனுஷன் வருவானா இங்கன" என்று ஆரம்பித்துவிடுவார். சந்துபொந்தெல்லாம் சொல்லி டிரைவர் உயிரை எடுப்பார். பஸ் கண்டக்டர்களோடு சண்டை போட்டிருக்கிறார். என் முழங்கால் ஆபரேஷனுக்குப் போன அன்றைக்கும் ஆரனை விடாமல் அடிக்கச் சொல்லிக்கொண்டு போனவர்தான்.

இந்தச் சீசனுக்கு அக்கா வந்தாள். மதுரை மாப்பிள்ளை போன வருஷம் தவறிவிட்டார். பிள்ளைகள் வெளிநாட்டில். ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று நான்தான் கூப்பிட்டேன். வற்புறுத்திக் கூப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவளைக் கூட்டிவர எங்கள் வீட்டுக்காரரும் நானும் தென்காசி ஸ்டேஷனுக்கு வாடகைக் காரில் போனோம். திரும்பும்போது நானும் அக்காவும் பின்சீட்டில், அவர் டிரைவர் பக்கத்தில். கோயிலைத் தாண்டும் முன்பே வண்டி நின்றுவிட்டது. சனிக்கிழமை, சீசன் கூட்டம். முன்னால் கேரளா வண்டிகள், பஸ்கள், நடுவில் நுழைகிற பைக்குகள். ஆரன் சத்தத்தில் காது அடைத்தது. அக்கா தன் பாட்டில் பேசிக்கொண்டிருந்தாள். கால் வீக்கம், பேரனுக்குத் தமிழ் வரவில்லை, வாங்குகிற பால் நன்றாக இல்லை. பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. அவர் திரும்பவும் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. நான் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஆரம்பிப்பார், இப்போது ஆரம்பிப்பார் என்று.

டிரைவர் பையனே பொறுக்க மாட்டாமல் கேட்டான். "அண்ணாச்சி, இப்படியே நின்னா விடிஞ்சிரும். இடது கை சந்துக்குள்ள விட்டா சட்டுன்னு போயிரலாம். விடட்டா?"

"வேண்டாம்டே" என்றார் அவர். "அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவாவே போ."

இத்தனை வருஷம் அதே ரோட்டில் அவரோடு போய்வந்திருக்கிறேன். அவசரம் இல்லை என்று அவர் சொல்லி அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.